ஐம்பத்து நான்கு சதவீத மூச்சு

ஜூன் 12, திங்கள்

பள்ளி திறந்தது. நான் பாடம் எடுக்கும் ப்ளஸ் டூ உயிரியல் பிரிவில் ஐம்பத்தொன்பது பேர். வகுப்பில் இரண்டு மின்விசிறி, ஓடுவது ஒன்று.

மூச்சுப் பயிற்சியைத் தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் மதுரை டாக்டர். அதற்காகத்தான் இந்த நோட்டு. விவரத்தை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். என் தம்பி செல்வினுக்கு வயது நாற்பத்தொன்று. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. பெங்களூரில் ஒலிப்பதிவு வேலையில் இருந்தான். சனிக்கிழமைகளில் ஏதோ ஒரு ஹோட்டலில் நாலு பேரோடு சேர்ந்து மௌத் ஆர்கன் வாசிப்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன நவம்பரில் இருந்து எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அவனுக்கு ஒரு சிறுநீரகம் தரப்போகிறவன் நான்.

ஜூன் 8 அன்று எனக்குக் கடைசிப் பரிசோதனைகள். எல்லாம் நன்றாக இருந்தது, மூச்சுப் பரிசோதனை தவிர. ஒரு குழாயை வாயில் வைத்து, உள்ளே இருக்கிற காற்று முழுவதையும் ஒரே மூச்சில் ஊத வேண்டும். என் வயதுக்கும் உயரத்துக்கும் வர வேண்டியதில் ஐம்பத்து நான்கு சதவீதம்தான் வந்தது. மூன்று முறை ஊதச் சொன்னாள் பரிசோதனை செய்த பெண். மூன்று முறையும் ஒரே அளவு. இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு மயக்க மருந்து கொடுக்க முடியாது, மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் என் மனைவி ரோசலின் சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். விசேஷம் ஒன்றும் இல்லை.

மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருக்கிறார்கள். உறிஞ்சினால் பந்து மேலே ஏற வேண்டும். செல்வின் அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பந்து வெளையாட்டு ரெண்டு நாள்ல சலிச்சிரும்ணே. மௌத் ஆர்கன் படி. நான் சொல்லித் தாரேன்" என்றான்.

ஜூன் 13, செவ்வாய்

பந்து: இரண்டு. மூன்றாவது ஏறவில்லை.

ஜூன் 15, வியாழன்

பள்ளி விட்டதும் ஜங்ஷன் வரை போய் மௌத் ஆர்கன் வாங்கி வந்தேன். கடையில் இருந்ததிலேயே நீளமானது. மேலும் கீழுமாக இரண்டு வரிசை ஓட்டை. வரும் வழியிலேயே எங்கள் சபையில் பாடுகிற ஒரு ஞானப்பாட்டின் முதல் வரி பிடிபட்டுவிட்டது. மாடிக்குப் போய் வாசித்துக் காட்டினேன். செல்வினுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

"ஏண்ணே, இது கோயில் மௌத் ஆர்கன்லா? ஒவ்வொரு சுரத்துக்கும் ரெண்டு தகட்டு நாக்கு வச்சிருக்கான். நடுங்கும், வளையாது. ப்ளூஸுக்கு வளையணும்."

தன் பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துத் தந்தான். ஒரே வரிசை, பத்து ஓட்டை. கைக்குள் அடங்கிவிடுகிறது. இவ்வளவு சின்னதுக்காகவா கல்யாணம்கூட வேண்டாமென்று பெங்களூரில் கிடந்தான் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"ப்ளூஸ்னா என்னலே?"

"மனசுல கெடக்கறத பன்னெண்டு தாள அளவுக்குள்ள சொல்லி முடிக்கணும். முடிச்சிட்டுத் திரும்ப மொதல்லருந்து சொல்லணும். அம்புட்டுதான்."

ஜூன் 18, ஞாயிறு

கோயில். விண்ணப்பப் பட்டியல் வாசித்தார்கள். "சகோதரர் செல்வினுக்காகவும், தம்பிக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுக்கும் ஆசீர் சாரின் நுரையீரல் பெலப்படவும்." பாடகர் குழுவில் டெனர் வரிசையில் நிற்கிறேன், குனிய இடமில்லை.

என் இரத்தம் செல்வினுக்குப் பொருந்துகிறது என்று தெரிந்தது மார்ச் மாதம், லெந்து நாட்களில். அன்று சாயங்காலமே தவமணி அக்கா உபவாசக் கூட்டத்தில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். அக்காவுக்குச் சர்க்கரை; அவள் தர முடியாது. 'என் தம்பி ஆசீர் தருகிறான், ஸ்தோத்திரம்' என்று எழுதியிருந்தாள். போதகர் வாசித்ததும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கூட்டம் முடிந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். நான் தலையை ஆட்டினேன். கோயிலில் நின்று வேறு எதை ஆட்ட முடியும்?

மதுரையில் டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். "விருப்பம் இல்லைன்னா இப்பவே சொல்லிருங்க. மருத்துவக் காரணம்னு நாங்களே எழுதிக்கிறோம். வீட்டுல யாருக்கும் தெரியாது." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னை யார் என்று நினைத்தார்? விருப்பம்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 24, சனி

ஒரே ஓட்டையில் மட்டும் காற்று போகும்படி உதட்டைக் குவிக்க ஒரு வாரம் ஆனது. பிரச்சினை இரண்டாம் ஓட்டை. ஊதினால் சத்தம் வருகிறது. இழுத்தால் மாட்டுத் தொண்டையில் எதையோ அடைத்த மாதிரி ஒரு முனகல். கருவி பழுது என்று செல்வினிடம் சொன்னேன். அவன் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு வாயில் வைத்து ஒரே ஒருமுறை இழுத்தான். அறை முழுக்க நிறைந்தது அந்தச் சத்தம்.

"எல்லாரும் ஆரம்பத்துல ரெண்டாம் ஓட்டை ஒடஞ்சு போச்சுன்னுதான் சொல்லுவாங்க. நீ டீ குடிக்க மாரி வாயால உறிஞ்சுத. அது அடச்சிக்கிடும். வயித்துலருந்து, மெதுவா."

அந்த ஒரு சுரத்துக்காக அவன் தலையணையில் சாய்ந்து கால் மணி நேரம் கண்ணை மூடிக் கிடந்தான். நான் விசிறியைத் திருப்பி வைத்தேன்.

ஜூலை 2, ஞாயிறு

வாசிப்பது என்றால் ஊதுவது என்று இருந்தேன். இல்லையாம். ப்ளூஸில் முக்கால்வாசியும் இழுக்கிற மூச்சில்தான். டோ என்ற சுரத்தை ஊதும் மூச்சில் வைக்காமல், இழுக்கும் மூச்சில் வைத்துக்கொண்டு அங்கிருந்து கிளம்ப வேண்டும். இருபது வருடமாகக் கோயிலில் டோ, ரே, மீ என்று சோல்ஃபா பார்த்துப் பாடுகிறவனுக்கு இது, வீட்டுக்குள் பின்வாசல் வழியாக மட்டும் போ என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

"ஊதறதுல ஒண்ணுமில்ல. பலூன் விக்கவனும் ஊதுவான்" என்றான் செல்வின்.

பந்து: மூன்று.

ஜூலை 11, செவ்வாய்

காலையில் செல்வினை டயாலிசிஸுக்கு விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். இன்று கழிவுநீக்க மண்டலம். இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் சிறுநீரகம் வரைகிறேன்; கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "ஒரு கிட்னி இருந்தா எவ்வளவு காலம் சார் வாழலாம்?" என்று கேட்டாள். முழு ஆயுளும் வாழலாம், எந்தக் குறைவும் கிடையாது, இன்னொன்று வளர்ந்து ஈடு கட்டிக்கொள்ளும் என்று சொன்னேன். அப்புறம் பார்த்தால் படத்தில் சிறுநீர்க்குழாயை வரையாமலே விட்டிருக்கிறேன்.

செல்வினுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். ரோசலின் காலையிலேயே பாட்டிலில் அளந்து வைத்துவிடுவாள். நாக்கு வறண்டால் ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொள்கிறான்.

ஜூலை 22, சனி

இரண்டாம் ஓட்டை திறந்துவிட்டது! எட்டு செகண்டு இழுத்தேன். செல்வின் கட்டிலைத் தட்டிக் கூப்பாடு போட்டான்.

கீழே வந்தால் ரோசலின் மாவாட்டிக்கொண்டிருந்தாள். "எதுக்குங்க இம்புட்டு மும்முரமாப் படிக்கிய?" என்று கேட்டாள். பிறகு கிரைண்டரைப் பார்த்துக்கொண்டே, "செப்டம்பர்ல ரிப்போர்ட் நல்லா வந்துட்டுன்னா?" என்றாள். அவள் குரலில் இருந்தது கேள்வி அல்ல. நான் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 5, சனி

இப்போது வளைப்பு. நாலாம் ஓட்டையை இழுத்துக்கொண்டே நாக்கின் பின்பக்கத்தைப் பள்ளமாக்க வேண்டும். சுரம் தானாகக் கீழே இறங்கும். இறங்குகிறது, ஆனால் நான் அதைப் பாதி வழியில் விடுவதில்லை, அடுத்த சரியான சுரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறேன். கோயில் பாடகர் குழுவின் புத்தி. சுருதி கொஞ்சம் பிசகினாலும் காது கூசும்.

"ஏண்ணே திருத்துத?" என்று சத்தம் போட்டான் செல்வின். "ஒம் பொஸ்தகத்துல இல்லாத எடம் அது. ரெண்டு சுரத்துக்கும் நடுவுல. அங்கன நிக்கணும். அசிங்கமாத்தான் இருக்கும். நில்லு."

நின்றேன். இரண்டு செகண்டு. கூச்சமாக இருந்தது.

ஆகஸ்ட் 14, திங்கள்

நாலாம் ஓட்டையை வளைத்து, அந்த நடுவிலேயே நிறுத்தி, விடாமல் இழுத்தேன். செல்வின் கைப்பேசியில் செகண்டு எண்ணினான். இருபத்திரண்டு.

கட்டிலைத் தட்டுவான் என்று பார்த்தேன். தட்டவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லாருக்குண்ணே" என்றான். "இன்னைக்குப் போதும், எனக்கு அசதியா இருக்கு."

நாளைக்குக் கொடியேற்றம். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட வேண்டும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

விடியற்காலை செல்வினுக்கு மூச்சு முட்டியது. நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது. ஐ.சி.யூ.

ஆகஸ்ட் 24, வியாழன்

நாலு நாள் கழித்து இன்று மத்தியானம்தான் அவனை அறைக்கு மாற்றினார்கள். நாலு நாளும் நான் ஐ.சி.யூ. வாசலில் இருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் அவன் தெரிவான். முகத்தில் முகமூடி. காற்றை இழுக்க அவன் தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்கின. இருபது வருடம் மூச்சாலேயே வாசித்தவன். உள்ளே ஒரு மிடறு காற்று போவதற்கு என்ன பாடு!

டாக்டர் சொன்னார்: "சீக்கிரம் மாற்று சிறுநீரகம் வெச்சிட்டா நல்லது. இப்படி இன்னொரு தடவை வந்தா இதயம் தாங்காது. அண்ணனுக்கு நுரையீரல் பிரச்சினை இல்லாம இருந்திருந்தா ஜூன்லயே முடிஞ்சிருக்கும்."

நான் தலையை ஆட்டினேன்.

இது என் நோட்டு. வேறு யாரும் படிக்கப் போவதில்லை. எழுதிவிடுகிறேன். ஜூன் 8 அன்று நான் முழுதாக ஊதவில்லை. மூச்சைப் பாதிதான் உள்ளே எடுத்தேன். அதையும் பிடித்துப் பிடித்து விட்டேன். மூன்று முறையும் ஒரே அளவு வரும்படி பார்த்துக்கொண்டேன், அளவு மாறினால் அந்தப் பெண் சந்தேகப்படுவாள் என்று எனக்குத் தெரியும். விலங்கியல் வாத்தியார் அல்லவா. என் நுரையீரலுக்கு ஒரு குறையும் கிடையாது, என்றுமே இருந்ததில்லை.

செப்டம்பர் 1, வெள்ளி

செல்வின் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆறு கிலோ குறைந்திருக்கிறான். மௌத் ஆர்கனைத் தொடவில்லை நான். "நிப்பாட்டாத, வாசி" என்றான். வாசித்தேன். பன்னிரண்டு அளவும் பிசகாமல் வந்தது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 6, புதன்

நாளை மதுரை. பையை எடுத்து வைத்துவிட்டு ரோசலின் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன தடவ நீங்க உள்ள போனப்ப, ரிப்போர்ட்டு சரியா வரக்கூடாதுன்னு நான் ஜெபம் பண்ணுனேங்க. ரெண்டு பிள்ளைய வச்சிருக்கோமே, உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா என்ன செய்வோம்னு. கர்த்தரும் கேட்டுட்டாரு. பெறகு செல்வின் தம்பி அப்படிக் கெடந்தத பாத்ததுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நாந்தான் கேட்டு வாங்குனேன்."

அழுதாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் பயத்தையும் சேர்த்து இவள் தலையில் ஏற்றிவிட்டேன். வெட்கம் கெட்டவன்.

செப்டம்பர் 7, வியாழன்

அதே அறை, அதே பெண். குழாயை வாயில் வைத்தேன். வயிற்றிலிருந்து இழுத்தேன், அடி வரை. பிறகு ஊதினேன். கண் இருட்டும் வரை ஊதினேன். தொண்ணூற்றொன்று.

"மூணே மாசத்துலயா? என்ன சார் செஞ்சீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"மௌத் ஆர்கன் படிச்சேன்" என்றேன். அவர் நம்பிக் குறித்துக்கொண்டார். உண்மையைச் சொல்லியே பொய் சொல்லலாம் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

பதினெட்டாம் தேதி சேர வேண்டும். இருபதாம் தேதி ஆபரேஷன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

கோயிலில் அக்கா அழுதுகொண்டே ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். ஐம்பத்து நான்கு தொண்ணூற்றொன்று ஆன அற்புதத்தைப் போதகர் பிரசங்கத்தில் சொன்னார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் வந்து கை கொடுத்தார்கள். ஒரு பாட்டையா என் நெஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். நடந்ததை எல்லார் முன்னாலும் நான் சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம். "ஒண்ணும் விடாமச் சொல்லணும், ஆசீர்" என்றாள் அக்கா.

செப்டம்பர் 13, புதன்

சாட்சியை எழுதிப் பார்த்தேன். நாலு தாள் கிழித்தேன். காலாண்டுப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் வேறு தயாரிக்க வேண்டும்.

செப்டம்பர் 16, சனி

சாயங்காலம் ஆறு மணிக்கு முப்பது பேர் வந்துவிட்டார்கள். வாடகை நாற்காலி போட்டும் இடம் போதாமல் வாசலில் நின்றார்கள். செல்வின் தலையணை வைத்த நாற்காலியில், கதவோரம். இரண்டு பாட்டு, ஒரு ஜெபம். "இப்ப ஆசீர் சார் சாட்சி சொல்லுவாங்க" என்றார் போதகர்.

எழுந்தேன். எழுதி வைத்த தாள் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

"அற்புதம் ஒண்ணும் நடக்கல. ஜூன் மாசம் நான் வேணும்னே பாதி மூச்சுலதான் ஊதுனேன். எனக்கு நுரையீரல்ல ஒரு கொறையும் இல்ல."

யாருக்கும் புரியவில்லை. ஒருவர் அல்லேலூயா என்றுகூடச் சொல்லிவிட்டார்.

"என்ன சொல்லுத ஆசீர்?" என்று எழுந்தாள் அக்கா.

"தரதுக்கு எனக்கு மனசு வரல அக்கா. வரலன்னு சொல்லவும் முடியல. நல்லவன்னு எல்லாரும் கையப் பிடிச்சிட்டாங்க. அதனால அப்படிச் செஞ்சேன்."

அக்கா என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன்; அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாலு நாளு அவன் ஐ.சி.யூ.ல கெடந்தானேலே" என்றாள். "நாலு நாளு." ரோசலின் அடுக்களை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். யாரோ ஒரு பாட்டைத் தொடங்கினார்கள், ஆள் சேராமல் அது நின்றுபோனது. போதகர் அவசரமாக ஆசீர்வாதம் கூறினார். எல்லாரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். வாழைக்காய் பஜ்ஜி அத்தனையும் அப்படியே இருக்கிறது.

செல்வின் மாடிக்குப் போய்விட்டான். பின்னாலேயே போனேன். கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். வாங்கி முடிக்கும் வரை நின்றேன்.

"எனக்குத் தெரியும்ணே" என்றான். "நாலாம் ஓட்டைய இருபத்திரெண்டு செகண்டு இழுத்த பாரு, அன்னைக்கே தெரியும். பாதி மூச்சு உள்ளவனால அது முடியாது. இருவது வருசமா மைக்குக்குப் பின்னால உக்காந்து மூச்சத்தான கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"பெறகு ஏம்ல எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா தந்துருப்ப. வெக்கப்பட்டுத் தந்துருப்ப. அப்படி வாங்க எனக்கு இஷ்டமில்ல." ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டான். "ஆனா ஐ.சி.யூ.ல கெடக்கும்போது ஒம்மேல அப்படிக் கோவம் வந்துது. செத்தாலும் இவன் கையால மண்ணு விழக்கூடாதுன்னு நெனச்சேன். இப்பவும் கோவம் போகல."

"போக வேண்டாம்."

"ஒண்ணு சொல்லுதேன், கேளு. அக்கா சபையில எழுதிக் குடுத்துட்டா. டாக்டரு ஒங்கிட்ட கேட்டாரு. நான் ஒருநாளும் ஒங்கிட்ட கேக்கல. கேக்காமலே கெடச்சிரும்னு மாடியில படுத்துக் கெடந்தேன். அது என் தப்பு. இப்ப கேக்கேன். ஒன் கிட்னில ஒண்ணு எனக்குத் தருவியா? மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லு. அக்காகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டான். நான் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தேன். கீழே நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டது. அதுவும் ஓய்ந்தது. அவன் அவசரப்படுத்தவில்லை.

"பயமா இருக்குலே" என்றேன். "மார்ச்லருந்து பயமா இருக்கு. இப்பவும் இருக்கு. தாரேன்."